சக்கரத்தை மறந்த சுதர்சன சக்கரம்

2025 மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் டீக்கடைக்கு ஒரு விமானப் பாதுகாப்பு நிபுணர் முளைத்துவிட்டார். திண்டிவனத்தில் ஒரு கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நானூறு கிலோமீட்டராம் தம்பி. இங்க நம்ம திண்டிவனத்துல நிறுத்தினா மதுரைக்கு அந்தாண்ட எவன் பறந்தாலும் விழுந்துடுவான். இனிமே ஒருத்தன் கிட்ட வர முடியாது."

அவரைக் குறை சொல்லி என்ன செய்வது. டிவியில் சொன்னதைத்தான் அவர் சொன்னார். டிவியில் சொன்னவருக்கு யூடியூப் சொன்னது. எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எஸ்-400, 400 கிலோமீட்டர், சுதர்சன சக்கரம், முடிந்தது கதை. 2018 அக்டோபர் 5ல் கையெழுத்தான ஒப்பந்தம், 5 ஸ்குவாட்ரன், 543 கோடி டாலர். இவ்வளவு பணம் போட்டு வாங்கிய சாமானைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒரே ஒரு எண்!

எனக்கு இதில் பெரிய சண்டை இருக்கிறது. ஏவுகணையோடு இல்லை, நம்முடைய பேச்சோடு. விமான எதிர்ப்பு ஏவுகணை என்றால் நாம் பார்ப்பது மேலே நிற்கிற குழாயை மட்டும்தான். அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு லாரி நிற்கிறது. அந்த லாரி இல்லையென்றால் மேலே இருப்பது ஆயிரம் கோடி ரூபாய் இலக்கு, அவ்வளவுதான். இதை சோவியத்காரன் முப்பது வருடம் அடிவாங்கித் தெரிந்துகொண்டான். நெடுஞ்சாலை ஓரத்தில் பிறந்து, லாரி ஹாரன் சத்தத்தில் தூங்கி எழும் நாம் இன்னும் தெரிந்துகொள்ளவில்லை.

முதலில் அந்த 400ஐ முடித்துவிடுவோம். பூமி உருண்டை. மிக உயரத்தில் பறக்கும் பெரிய விமானத்தை அவ்வளவு தூரத்தில் அடிக்கலாம், சரி. 2025 ஆகஸ்டில் விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங் பெங்களூரில் பேசும்போது சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பெரிய விமானத்தை வீழ்த்தியதாகச் சொன்னார். பாகிஸ்தான் மறுத்தது. அது அவர்கள் பாடு. ஆனால் 100 மீட்டர் உயரத்தில் மரத்தை உரசிக்கொண்டு வருகிற ஒன்றை, 20 மீட்டர் உயரக் கம்பத்தில் வைத்த ராடார் சுமார் 60 கிலோமீட்டரில்தான் பார்க்கும். அதற்கு மேல் தொடுவானம் மறைத்துவிடும். பிளஸ் டூ கணக்குதான், போட்டுப் பாருங்கள். திண்டிவனத்தில் நிறுத்தினால் கடலூருக்குச் சற்று அப்பால் தாழப் பறப்பவன் நமக்குத் தெரியவே மாட்டான். மதுரையாவது ஒன்றாவது! ஆக, எங்கே நிறுத்துகிறோம், எத்தனை இடத்தில் நிறுத்துகிறோம், எவ்வளவு சீக்கிரம் இடம் மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி. பெருமாள் கையில் இருக்கிற சக்கரத்துக்கு ரோடு வேண்டாம். இதற்கு வேண்டும்.

சரி, லாரிக்கு வருவோம்.

சோவியத்தின் முதல் தலைமுறை ஏவுகணைகளில் புகழ்பெற்றது எஸ்-75. 1957ல் படையில் சேர்ந்தது. 1960 மே 1ல் அமெரிக்க உளவு விமானமான யூ-2வை ஸ்வெர்த்லோவ்ஸ்க் அருகே வீழ்த்தியது இதுதான். 1962 அக்டோபரில் கியூபா மேல் இன்னொரு யூ-2வை வீழ்த்தியதும் இதுவே. உலகமே அரண்டு போயிற்று. ஆனால் அதன் குடும்பத்தைப் பாருங்கள்: நடுவில் ராடார், சுற்றி ஆறு ஏவுமேடைகள், திரவ எரிபொருள், நைட்ரிக் அமிலம், அதற்கென்று தனி டாங்கர், ஏவுகணையைச் சுமக்கத் தனி டிரெய்லர், ஏவுமேடைக்கு மாற்றத் தனி ஆட்கள். கிளம்ப வேண்டுமென்றால் கல்யாண மண்டபத்தைக் காலி செய்கிற மாதிரி மணிக்கணக்கில் ஆகும். மேலிருந்து படம் எடுத்தால் ஆறு முனை நட்சத்திரம் மாதிரி பளிச்சென்று தெரியும். நான் இங்கேதான் இருக்கிறேன், வந்து அடி என்று கோலம் போட்டு வைத்த மாதிரி.

வியட்நாமில் 1965 ஜூலை 24ல் ஒரு அமெரிக்க பேன்டம் விமானத்தை எஸ்-75 வீழ்த்தியது. மூன்று நாள் கழித்துப் பழிவாங்க வந்தார்கள். வந்து குண்டு போட்ட இடங்களில் ஒன்றில் இருந்தது பொம்மை ஏவுகணை, இன்னொன்று காலி மனை. சுற்றிக் காத்திருந்த பீரங்கிகளிடம் விமானங்களை இழந்துவிட்டுத் திரும்பினார்கள். வியட்நாம்காரர்கள் கல்யாண மண்டபத்தையே ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்து மூங்கில் பொம்மை வைத்துவிட்டுப் போனவர்கள். அந்த ஏவுகணை நகர்வதற்காகச் செய்யப்பட்டதல்ல, அவர்கள் நகர்த்தினார்கள். வித்தியாசம் அங்கே இருந்தது.

நேர் எதிராக ஒரு கதை. 1982 ஜூன் 9, லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கு. சிரியாவிடம் இருந்த கூப் ஏவுகணைகள் டாங்கி மாதிரி சங்கிலிச் சக்கரத்தில் ஓடக்கூடியவை. எங்கே வேண்டுமானாலும் போகலாம். போகவில்லை. குழி வெட்டி, மண் அணைத்து, அதே இடத்தில் வாரக்கணக்கில் குடித்தனம் நடத்தினார்கள். இஸ்ரேல் ஆளில்லா விமானங்களை அனுப்பிப் பொறுமையாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே நாளில் பெரும்பாலானவற்றைத் தகர்த்துவிட்டது. வண்டி இருந்தும் ஓட்டாதவனுக்கு வண்டி இல்லாதவனுக்கு நேர்ந்த கதிதான்.

1999 மார்ச் 27ல் செர்பியாவில் நடந்ததை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராடாரில் தெரியாது என்று பீற்றிக்கொண்ட எப்-117ஐ, 1960களின் எஸ்-125 வைத்து வீழ்த்தினார்கள். அதே குடும்பத்து ஏவுகணைதான் நம் விமானப்படையில் பெச்சோரா என்ற பெயரில் பல பத்தாண்டுகள் இருந்து வருவது. அந்தப் பிரிவின் தளபதி சோல்தான் டானி செய்த மாயம் ஒன்றும் பெரிதில்லை. ராடாரை சில நொடிகளுக்கு மேல் போட விடவில்லை. சுட்டதும் ஆட்களை அடித்து விரட்டாத குறையாக மூட்டை கட்ட வைத்து இடம் மாறினார். போர் முடியும் வரை அவர் பிரிவு அழியவில்லை. பிற்பாடு மனிதர் ஊரில் பேக்கரி வைத்துக்கொண்டார் :-)

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தப் பாடங்களில் பெரும்பகுதி சோவியத் வடிவமைப்பாளர்களுக்கு 70களிலேயே தெரிந்துவிட்டது. எஸ்-300இன் முதல் வடிவமான எஸ்-300பிடி 70களின் கடைசியில் வந்தது. அதன் ஏவுகலம் இழுவை வண்டி பின்னால் கோத்த டிரெய்லரில் இருந்தது. நின்று, பிரித்து, இணைத்துத் தயாராக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போதாது என்றார்கள். 80களின் தொடக்கத்தில் வந்த எஸ்-300பிஎஸ்ஸில் நான்கு குழாய்களையும் தூக்கி ஒரே லாரி மேல் வைத்தார்கள். வந்து நின்று சுடத் தயாராக 5 நிமிடம், சுட்டுவிட்டுக் கிளம்ப 5 நிமிடம்.

அந்த லாரிதான் மாஸ்-543. (பெயரிலேயே மாஸ்! மின்ஸ்க் ஆட்டோமொபைல் தொழிற்சாலை என்பதன் சுருக்கம். நம் ரசிகர் மன்றங்கள் கவனிக்கவும்.) போரிஸ் ஷாபோஷ்னிக் என்ற வடிவமைப்பாளரின் குழு மின்ஸ்கில் 60களின் தொடக்கத்தில் உருவாக்கியது. எட்டு சக்கரம், எட்டும் இழுக்கும், முன்னால் இருக்கும் நான்கும் திரும்பும். டிரைவர் கேபின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடுவில் இடைவெளி. நீளமான ஏவுகணையின் மூக்கு அந்த இடைவெளியில் தலை வைத்துப் படுத்துக்கொள்ளும். பிறகு வந்த 543எம்மில் வலது கேபினை எடுத்துவிட்டு அந்த இடத்தையும் சுமைக்குக் கொடுத்தார்கள். ஏவுகணைகளோடு சேர்த்து எடை சுமார் 42 டன். நான்கு அச்சுக்குப் பங்கு போட்டால் அச்சுக்குப் பத்தரை டன். விக்கிரவாண்டி டோலைத் தாண்டும் நம் ஓவர்லோடு லாரிகளில் பல இதைவிட மோசம். ஆனால் அகலம் 3 மீட்டருக்கு மேல். நம் ஊர் சட்டப்படி ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கி, சிவப்புத் துணி கட்டித்தான் ஓட்ட வேண்டும், காற்றாலை இறக்கை ஏற்றிப் போகிற டிரெய்லர்கள் போல.

லாரி மட்டும் போதாது, ஏவுகணையும் லாரிக்குத் தகுந்த மாதிரி மாறியது. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எஸ்-75இல் ஏவுமேடையே விமானம் வரும் திசைக்குத் திரும்பி, சாய்ந்து நின்று சுட வேண்டும். எஸ்-300இல் குழாய் நேராக நட்டுக்கொள்ளும், எந்தத் திசையும் பார்க்காது. ஏவுகணையைக் குழாய்க்குள் இருந்து அழுத்தத்தால் மேலே உதைத்துத் தள்ளிவிடுவார்கள். சுமார் இருபது மீட்டர் உயரம் போன பிறகுதான் எஞ்சின் பற்றும், பிறகு தானே திசை திருப்பிக்கொள்ளும். அதனால் லாரி எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் கவலையில்லை. நெருப்பு லாரி மேல் அடிக்காது. திட எரிபொருள், சீல் வைத்த குழாய், ஆசிட் டாங்கர் கிடையாது. லாரியில் ஜாக்கி இருக்கிறது, மின்சாரத்துக்கு சின்ன டர்பைன் ஜெனரேட்டர் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் லாரியை மையமாக வைத்து ஏவுகணையைச் செய்தார்கள். நாம் பேசும்போது மட்டும் தலைகீழாகப் பேசுகிறோம்.

இந்த விஷயம் புரிய மின்ஸ்க் வரை போக வேண்டியதில்லை. செஞ்சி போதும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் எல்லோரும் போய் செல்பி எடுத்துக்கொண்டு வந்தோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையை வளைத்துக் கட்டிய மதில். 1690ல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகை போட்டார். 1698 வரை இழுத்தது. "பார்த்தாயா, மதில் எட்டு வருஷம் காப்பாற்றியது" என்பார்கள். மதில் மட்டுமா காப்பாற்றியது? வெளியே சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்று இரண்டு பேர் குதிரைப்படையோடு ஓடிக்கொண்டே இருந்தார்கள். உணவு வரும் வழியை அடித்தார்கள், மறைந்தார்கள், இன்னொரு இடத்தில் அடித்தார்கள். 1692-93 குளிர்காலத்தில் முற்றுகை போட்டவனே முற்றுகையில் மாட்டிக்கொண்ட கணக்காக, சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. பிறகு வெளியே ஓடும் படை ஓய்ந்ததும் கோட்டை விழுந்தது. ராஜாராம் முன்னதாகவே நழுவிவிட்டார். நகர்ந்தவர் பிழைத்தார், மலை நகரவில்லை. சென்னையை 1914 செப்டம்பர் 22 ராத்திரி சுட்டுவிட்டுப் போன எம்டன் கப்பலும் அப்படித்தான். சுட்ட இடத்திலேயே நின்றிருந்தால் "எம்டன்" என்ற சொல்லே தமிழுக்கு வந்திருக்காது.

2022 பிப்ரவரி 24ல் ரஷ்யா உக்ரைன் மேல் பாய்ந்தபோது இதே பாடம் திரும்ப நடந்தது. படையெடுப்புக்குச் சற்று முன்னால் உக்ரைன் தன் எஸ்-300 வண்டிகளில் பலவற்றை வேறு இடங்களுக்கு ஓட்டிவிட்டது. நகர்ந்தவை பிழைத்து, பல மாதம் ரஷ்ய விமானங்களை உயரப் பறக்க விடாமல் செய்தன. நகராமல் நின்றவை முதல் நாளே அடி வாங்கின. மறுபக்கம் 2023 ஆகஸ்ட் 23ல் கிரிமியாவின் தர்கன்குட் முனையில் நின்ற ரஷ்யாவின் எஸ்-400ஐ உக்ரைன் தகர்த்து, அந்தக் காட்சியை வீடியோவாகவும் வெளியிட்டது. அதுவும் 400 கிலோமீட்டர்தான். நாம் பூஜை போடுகிற அதே சக்கரம்தான்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். அந்த லாரி யாருடையது?

1991ல் சோவியத் உடைந்ததும் வேடிக்கை என்ன ஆயிற்று தெரியுமா? ஏவுகணை ரஷ்யாவிடம், அதைச் சுமக்கும் லாரி செய்யும் தொழிற்சாலை பெலாரஸிடம். ரஷ்யாவின் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் டோபோல்-எம், யார்ஸ் ஏவுகணைகள் ஓடுவது மின்ஸ்க் லாரியில். எஸ்-300பிடி டிரெய்லரை இழுத்த கிராஸ் வண்டி செய்யப்பட்டது கிரெமென்சுக்கில். அது உக்ரைனில் இருக்கிறது! கமாஸ் கம்பெனியை வைத்துச் சொந்தமாகப் பெரிய வண்டி செய்யப் பார்த்தார்கள், வருடக்கணக்கில் இழுபறி. அணுகுண்டு செய்யத் தெரிந்த வல்லரசுக்கே லாரி செய்வது இவ்வளவு கஷ்டம்.

வடகொரியா கதை இன்னும் ருசி. 2012 ஏப்ரல் அணிவகுப்பில் பிரமாண்டமான புதிய ஏவுகணைகள் வந்தன. நிபுணர்கள் ஏவுகணையைவிட அடியில் இருந்த பதினாறு சக்கர வண்டியைத்தான் உற்றுப் பார்த்தார்கள். சீனத் தயாரிப்பு. மரம் ஏற்றும் லாரி என்று சொல்லி வாங்கியிருந்தார்கள்! ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு என்று 1987ல் பணக்கார நாடுகள் சேர்ந்து போட்ட பட்டியலில் ராக்கெட் எஞ்சின் போல ஏவுகணை சுமக்கும் வண்டியும் இருக்கிறது. நாமும் 2016ல் அதில் சேர்ந்துவிட்டோம். உலகம் லாரியை ஆயுதமாகத்தான் பார்க்கிறது. நமக்குத்தான் அது "வண்டி கிண்டி".

நம் கதை என்ன? 1986ல் தொடங்கி செக்கோஸ்லோவாகியாவின் டாட்ரா. பொதுத்துறை நிறுவனமான பெமல் லைசென்ஸ் வாங்கிச் செய்து கொடுத்தது. நல்ல வண்டி, சந்தேகமில்லை. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரே குழாய், அதிலிருந்து தனித்தனியாக ஆடும் அரை அச்சுகள், காற்றில் குளிரும் எஞ்சின். பள்ளத்தில் விழுந்தாலும் எல்லாச் சக்கரமும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பிருத்வி அதில் போனது. பிரமோஸ் பன்னிரண்டு சக்கர டாட்ராவில் போகிறது. அதற்காக ஒரு நாட்டின் ஏவுகணைகள் எல்லாம் ஒரே வெளிநாட்டு சேஸிஸ் மேல் பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருப்பதா? 2012 மார்ச்சில் அப்போதைய ராணுவத் தளபதி வி.கே.சிங், தரமில்லாத 600 வண்டிகளுக்கு ஒப்புதல் தர 14 கோடி ரூபாய் லஞ்சம் தர முன்வந்தார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். நாடாளுமன்றம் அமளிப்பட்டது. பேசியதெல்லாம் லஞ்சத்தைப் பற்றி. இந்த லாரியை ஏன் நாமே வடிவமைக்கக் கூடாது என்ற கேள்வி அந்த அமளியில் காணாமல் போய்விட்டது.

எஸ்-400உம் நேரடி இறக்குமதி. அதன் வண்டி நம் ஊரில் செய்ததில்லை. உக்ரைன் போரால் கடைசி இரண்டு ஸ்குவாட்ரன்கள் தாமதமானபோது நாம் காத்திருந்தோம். சண்டைக்காலத்தில் ஒரு கியர்பாக்ஸ் போனால் அதற்கும் காத்திருப்போம்.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். மாஸ்-543இன் எஞ்சின் என்ன? டி12ஏ-525. பன்னிரண்டு சிலிண்டர், 38.8 லிட்டர், 525 குதிரைத்திறன். இரண்டாம் உலகப்போரின் டி-34 டாங்கியில் இருந்த வி-2 எஞ்சினின் வாரிசு. அதே குடும்பத்தின் அடுத்த வாரிசுகள்தான் டி-72, டி-90 டாங்கிகளில் இருப்பவை. அதே பன்னிரண்டு சிலிண்டர், அதே கொள்ளளவு. அவற்றை எங்கே செய்கிறார்கள்? ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில். திண்டிவனத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர்! பக்கத்திலேயே 60களில் இருந்து டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேயே. எண்ணூரில் 1948ல் தொடங்கிய அசோக் லேலண்ட், ஓசூரில் அதன் ஆலைகள், ராணுவத்தின் சுமைக்கழுதையான ஸ்டாலியன் அவர்களுடையது. இப்போது எட்டு, பத்து சக்கரப் பெரிய வண்டிகளும் செய்து காட்டுகிறார்கள். சமையலுக்கு எல்லாச் சாமானும் ஒரே மாநிலத்தில் இருக்கிறது. அடுப்பைப் பற்ற வைக்கத்தான் ஆளில்லை.

பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2018 பட்ஜெட்டில் அறிவித்து, 2019 ஜனவரி 20ல் திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். ஐந்து முனைகள்: சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி. மேப்பில் சென்னையிலிருந்து திருச்சிக்குக் கோடு போடுங்கள். நடுவில் என்ன இருக்கிறது? நாங்கள்தான் இருக்கிறோம். ஐந்து திசையில் ரயில் பிரியும் விழுப்புரம் ஜங்ஷன் இருக்கிறது. வழித்தடம் எங்கள் மேல் போகும், எங்களிடம் நிற்காது. எங்களுக்குக் கிடைப்பது டோல்கேட். திண்டிவனத்தில் சிப்காட் உணவுப் பூங்கா வருகிறது, மகிழ்ச்சி, ஊறுகாயும் நாட்டுக்குத் தேவைதான். ஆனால் தினமும் ஆயிரக்கணக்கான கனரக வண்டிகள் ஓடும், மேடு பள்ளம் ஏரி வயல் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும் இந்த ஊருக்கு ஒரு கனரக வண்டி சோதனைத் தடம் தோன்றவில்லையா யாருக்கும்? மெக்கானிக்கல் படிக்கிறேன் என்றால் "ஏம்பா, மார்க் வரலையா?" என்று கேட்கிறார்கள். கவுன்சிலிங்கில் முதலில் தீர்வது கம்ப்யூட்டர், கடைசியில் காலியாகக் கிடப்பது மெக்கானிக்கல். டீசல் எஞ்சின் பாடத்தில் நாங்கள் படிக்கும் வெட்டுத்தோற்றப் படம் எங்கள் அப்பா காலத்துப் படம். இவ்வளவுக்கும் நடுவில் எல்லோர் வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் சுதர்சன சக்கரம் சுற்றுகிறது.

ஒருவர் கேட்டார்: "காசு கொடுத்தால் கிடைக்கிற லாரியை எதற்கு மெனக்கெட்டுச் செய்ய வேண்டும்? ராடாரும் சாப்ட்வேரும்தானே கஷ்டம், அதில் மூளையைச் செலவழிக்கலாமே?" பாதி ஒத்துக்கொள்கிறேன். ராடாரும் வழிகாட்டும் கருவியும் இல்லாமல் எட்டு சக்கர லாரி வெறும் எட்டு சக்கர லாரி. ஆனால் ராடாரும் ஒரு லாரி மேல்தான் ஏறிப் போகிறது, கட்டளை மையமும் அப்படியே. 2025 ஆகஸ்ட் 15ல் செங்கோட்டையில் பிரதமர் அறிவித்த சுதர்சன சக்கரத் திட்டம் 2035 வரை நாடு முழுக்கப் பாதுகாப்பு வளையம் என்கிறது. டிஆர்டிஓ தன் குஷா திட்டத்தில் நெடுந்தூர ஏவுகணை செய்துகொண்டிருக்கிறது. செய்யட்டும், கைதட்டுகிறேன். எத்தனை நூறு கனரக வண்டி அதற்கு வேண்டியிருக்கும்? ஏவுகணை சுடப்பட்டால் தீரும். லாரி முப்பது, நாற்பது வருடம் ஓட வேண்டும். காசு கொடுத்தால் கிடைக்கும் என்பவர்கள் 1998 மே மாதம் பொக்ரான் முடிந்த மறுவாரம் காசு கொடுத்தும் கிடைக்காமல் போன சாமான்களை நினைத்துப் பார்க்கலாம்.

போர் வேண்டாம், அமைதிக்காலத்தையே பேசுவோம். 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2ல் தென்பெண்ணை வெள்ளம் அரசூரில் தேசிய நெடுஞ்சாலை மேல் ஏறி ஓடியது. சென்னை-திருச்சி ரோடு நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் தண்ணீர், ரயிலும் நின்றது. தென் தமிழ்நாட்டுக்கும் சென்னைக்கும் நடுவில் கழுத்தை இறுக்கின மாதிரி. தண்ணீருக்கு அந்தப் பக்கம் சோறும் மருந்தும் போக வேண்டிய கிராமங்கள், இந்தப் பக்கம் வரிசையாக நிற்கும் வண்டிகள். மாஸ்-543 ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீரில் இறங்கிப் போகும். சோவியத்தில் அதே சேஸிஸ் மேல்தான் விமான நிலையத் தீயணைப்பு வண்டி கட்டினார்கள், கிரேன் கட்டினார்கள். ஏவுகணைக்காக லாரி செய்யக் கற்ற நாட்டுக்கு வெள்ளத்துக்கும் லாரி இருந்தது. அன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பத்து வண்டி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று நாளும் நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன், மொட்டை மாடியில், கரண்ட் இல்லாமல்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஊரில் லாரிக்குக் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்குவார்கள். ஆயுதம் எது என்று அந்த டிரைவர்களுக்குச் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. தெரியாதவர்கள் டிவியில் உட்கார்ந்திருப்பவர்கள்.

திண்டிவனம் டீக்கடை அண்ணனிடம் அன்றைக்கே இதில் பாதியைச் சொன்னேன். மதுரை வரை போகாது என்றதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், முப்பது வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவராம், என் போனில் இருந்த மாஸ்-543 படத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ரொம்ப நேரம் பார்த்தார். ஏவுகணையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"லிட்டருக்கு எத்தினி குடுக்கும்?"

"ஒரு கிலோமீட்டர் தேறினா பெரிசு தாத்தா."

"அடங்கொப்புரானே!" என்று சிரித்தவர், படத்தைப் பெரிதாக்கி முன் சக்கரங்களைக் காட்டி, "நாலும் திரும்புமா? அப்ப மயிலம் ரோட்டுல ஒடிச்சிடலாம்" என்றார்.